மும்பையில் பழைய அவுட்போர்டு மோட்டார்: வாங்குவதும் சரிசெய்வதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாராவி, மாட்டுங்கா, ஆன்டாப் ஹில், மால்வணி என்று மும்பையில் தமிழர் இருக்கும் இடமெல்லாம் இந்தக் கேள்விகள் வருகின்றன. மாஹிம், வர்சோவா, மட் பக்கம் சின்ன ஃபைபர் படகில் வேலை பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். இங்கே சம்பாதித்த காசில் குமரி, தூத்துக்குடி கரையில் இருக்கும் தம்பிக்கு ஒரு இன்ஜின் அனுப்ப நினைப்பவர்களும் கேட்கிறார்கள். அவுட்போர்டு என்றால் படகின் பின்பலகையில் வெளியே மாட்டும் இன்ஜின். அதில் இரண்டு முதல் இருபத்தைந்து குதிரைத்திறன் வரை உள்ள, பெட்ரோலோடு ஆயில் கலந்து ஓட்டும் சின்ன டூ-ஸ்ட்ரோக் மோட்டார்களை மனதில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன். குறைந்த விலைக்குக் கைமாறுபவை பெரும்பாலும் அவைதான்.

பழையது வாங்கலாமா? கொஞ்சம் கூடப் போட்டுப் புதிதே வாங்கிவிடலாமா?

தினமும் கடலுக்குப் போய் அதில்தான் அடுப்பு எரிய வேண்டும் என்றால், முடிந்தவரை புதிது வாங்குங்கள். இல்லையென்றால், யார் ஓட்டினார், எப்படி வைத்திருந்தார் என்று தெரிந்த கையிலிருந்து வாங்குங்கள். கழிமுகத்தில் ஓட்ட, இரண்டாவது இன்ஜினாக வைத்துக்கொள்ள, வேலை கற்றுக்கொள்ள என்றால் பழையது தாராளமாகப் போதும்.

சின்ன டூ-ஸ்ட்ரோக்கில் கார் இன்ஜினில் இருப்பதுபோன்ற வால்வு கிடையாது, ஆயில் தேங்கும் சம்ப் கிடையாது. பிஸ்டன், ரிங், கிராங்க், ரீட் வால்வு எனும் மெல்லிய தகடுகள், ஒரு கார்பரேட்டர், ஃப்ளைவீலுக்கு அடியில் காயில், கீழே கியர் பாக்ஸ், அவ்வளவுதான். வீட்டு வாசலில் உட்கார்ந்து ஸ்பேனர் செட்டை வைத்தே பாதிக்கு மேல் வேலையை முடித்துவிடலாம். இருபது வருடப் பழைய மோட்டாரும் ஓடுவதற்கு இந்த எளிமைதான் காரணம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். கையில் இருக்கும் பணம் முழுவதையும் மோட்டாருக்கே கொடுத்துவிடக் கூடாது. மூன்றில் ஒரு பங்காவது ரிப்பேருக்கு ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் பேரம் பேசப் போக வேண்டும்.

எங்கே தேடுவது, எப்போது தேடுவது?

கோலிவாடாக்களிலேயே, அதாவது கோலி மீனவர் குடியிருப்புகளிலேயே, தொடங்குங்கள். வர்சோவா, மட், வொர்லி, மாஹிம், கஃப் பரேட் மச்சிமார் நகர், ட்ராம்பே எல்லாவற்றிலும் இன்ஜின் வேலை தெரிந்த ஒருவர் இருப்பார். யார் எதை விற்கப் போகிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். மகாராஷ்டிரக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. படகுகளைக் கரையேற்றும் அந்தச் சமயத்தில், மழையில் பாதுகாத்து வைக்க இடமில்லாதவர்கள் விற்றுவிடப் பார்ப்பார்கள். மீனவர்கள் மறுபடி கடலுக்கு இறங்கும் திருநாளான நாரளி பௌர்ணமி நெருங்கிவிட்டால் எல்லோருக்கும் இன்ஜின் வேண்டும், விலையும் இறங்காது.

அடுத்தது ரே ரோடு பக்கம் தாருகானா. கப்பல் உடைக்கும் தொழிலை ஒட்டி வளர்ந்த பங்கார் (பழைய இரும்பு) சந்தை அது. கப்பலின் மீட்புப் படகில் இருந்த மோட்டார்கள் அங்கே கண்ணில் படும். "நூறு மணி நேரம்கூட ஓடாதது" என்று சொல்லி விற்பார்கள், பல சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் ஓடாமல் பதினைந்து வருடம் உப்புக்காற்றில் நின்ற மோட்டாரில் ரப்பர், சீல், இம்பெல்லர் (தண்ணீர் பம்பின் ரப்பர் சக்கரம்) எல்லாம் கல்லாகியிருக்கும். வாரா வாரம் ஓடி, நல்ல தண்ணீரில் கழுவப்பட்ட பழைய மீனவர் மோட்டார் அதைவிட எவ்வளவோ மேல்.

எந்தக் கம்பெனி நல்லது?

எதற்கு இந்த ஊரில் உதிரிபாகம் கிடைக்கிறதோ அதுதான் நல்லது. மலிவு விலை மோட்டாரின் உண்மையான விலை அங்கேதான் ஒளிந்திருக்கிறது. யமஹா, சுசுகி இரண்டும் இந்தியக் கரை முழுக்கப் பரவியிருப்பதால் பாகம் கிடைப்பது எளிது. தொஹாட்சுவும் நல்ல மோட்டார்தான். சின்ன மெர்குரி மோட்டார்களில் பலவற்றைத் தொஹாட்சுவே தயாரித்துக் கொடுத்திருப்பதால், ஒன்றின் பாகம் மற்றொன்றுக்குப் பொருந்துவதும் உண்டு. ஜான்சன், எவின்ரூட் பார்க்க அழகாக இருக்கும், இரும்பும் கெட்டி. ஆனால் அவற்றைச் செய்த ஓ.எம்.சி. 2000-ல் திவாலானது. பிறகு அந்தப் பெயரை வாங்கிய நிறுவனமும் 2020-ல் எவின்ரூட் தயாரிப்பை நிறுத்திவிட்டது. பாகம் இன்னும் கிடைக்கிறதுதான், ஆனால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். பிராக்கெட்டில் இருக்கும் மாடல் எழுத்தையும் எண்ணையும் போனில் படம் பிடித்துக்கொண்டு, பாகம் விற்பவரிடம் போய் மூன்றே மூன்று பொருள் கேளுங்கள்: இம்பெல்லர், கார்பரேட்டர் கிட், கியர் பாக்ஸ் சீல். மூன்றும் இருக்கிறது என்றால் மோட்டாரைப் பார்க்கத் திரும்பிப் போங்கள். சீல், பேரிங் போன்றவற்றை அளவு சொல்லி மஸ்ஜித் பந்தர் பக்கம் நாக்தேவித் தெருவில் வாங்கிவிடலாம். இம்பெல்லர் அப்படி இல்லை, அந்தந்த மாடலுக்கு அதுவேதான் வேண்டும்.

என் படகுக்கு எந்த அளவு பொருந்தும்?

குதிரைத்திறனை எல்லோரும் கேட்கிறார்கள், ஷாஃப்ட் நீளத்தைக் கேட்பவர் குறைவு. சாதாரணமாக 15 அங்குலம், 20 அங்குலம், 25 அங்குலம் என மூன்று நீளங்களில் வரும். படகின் பின்பலகையின் மேல் விளிம்பிலிருந்து அடிப்பாகம் வரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். மோட்டாரை மாட்டினால், புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு படகின் அடிமட்டத்தோடு சமமாகவோ ஓர் அங்குலம் கீழேயோ இருக்க வேண்டும். ஷாஃப்ட் குட்டையாக இருந்தால் அலையில் புரொப்பல்லர் காற்றைப் பிடித்து வெறுமனே சுற்றும், இன்ஜின் அலறும். நீளமாக இருந்தால் இழுவை கூடும், சேற்றில் முதலில் இடிப்பதும் அதுதான். பின்பலகை தாங்கும் எடையைப் பார்த்துவிட்டுத்தான் குதிரைத்திறனை முடிவு செய்ய வேண்டும்.

விற்பவர் "சாலூ கண்டிஷன்" (ஓடும் நிலை) என்கிறார். நான் என்னென்ன பார்க்க வேண்டும்?

முதலில், ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்லாதீர்கள். மூடியைத் திறந்து சிலிண்டர் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார் என்று பொருள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்யும் மோட்டாரை அப்படித்தான் விற்பார்கள். "பாய், ஒரு மணி நேரம் கழித்து வருகிறேன்" என்று சொல்லி டீ குடிக்கப் போய்விடுங்கள்.

மூடி திறந்திருக்கும்போதே உள்ளே நிதானமாகப் பாருங்கள். சிலிண்டர் ஹெட் பக்கம் பெயிண்ட் பொங்கிப் பழுப்பாகியிருந்தால் அது ஒருமுறையாவது தண்ணீர் இல்லாமல் காய்ந்து ஓடியிருக்கிறது. ஹெட் கேஸ்கெட் ஓரம் வெள்ளை உப்புக் கோடு போட்டிருந்தால் கசிவு இருக்கிறது. ஸ்க்ரூ தலைகள் மழுங்கியிருந்தால் தெரியாத கை விளையாடியிருக்கிறது. எல்லாம் பளபளவென்று புதுப் பெயிண்டாக இருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். உப்பு அரித்த அலுமினியத்தின் மேல் ஸ்ப்ரே அடிப்பது அரைமணி நேர வேலை.

இரண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே மாதிரி பழுப்பாக இருந்தால் நல்லது. ஒன்று பழுப்பாகவும் மற்றொன்று கழுவி விட்டதுபோல் சுத்தமாகவும் இருந்தால், சுத்தமாக இருக்கும் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறதா என்று சந்தேகப்பட வேண்டும். அடுத்து கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம். கேஜ் ஒன்றைச் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மோட்டார் சைக்கிள் மெக்கானிக் வைத்திருக்கும் அதே கேஜ்தான். பிளக் எல்லாம் வெளியே, பிளக் கேப்களை இன்ஜின் பிளாக்கோடு எர்த் செய்து, த்ராட்டில் முழுக்கத் திறந்து, கயிற்றை நாலைந்து முறை வேகமாக இழுக்க வேண்டும். 100 பிஎஸ்ஐக்கு அக்கம்பக்கம் வந்தால் பெரும்பாலான சின்ன பெட்ரோல் டூ-ஸ்ட்ரோக்குக்குப் போதும். எண்ணைவிட இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் பேசும். அது பத்து, பதினைந்து சதவீதத்தைத் தாண்டினால் உள்ளே ரிங்கோ சிலிண்டர் சுவரோ போயிருக்கிறது.

பிறகு கீழே குனியுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கியர் பாக்ஸின் அடியில் ஒரு ஸ்க்ரூ இருக்கும். அதைக் கொஞ்சம் தளர்த்தி, வருவதை விரலில் பிடித்துப் பாருங்கள். ஆயில் தேன் நிறத்திலோ கருப்பாகவோ வழுவழுப்பாக வந்தால் சரி. பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் சீல் வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது. ஆயிலுக்கு முன்னால் வெறும் தண்ணீரே சொட்டினால், பேரிங்கும் கியரும் துருப்பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து வெயிலில் காட்டுங்கள். மாவு போல மெல்லிய உலோகத்தூள் இருந்தால் அது சாதாரணத் தேய்மானம். நெறுநெறுவென்று துணுக்கு தட்டுப்பட்டால் கியர் பல் உடைகிறது, அந்த மோட்டாரை விட்டுவிடுங்கள். சின்ன மோட்டாரில் இரண்டு கியரும் பேரிங்கும் மாற்றும் செலவு, மோட்டார் கேட்ட விலையைத் தொட்டுவிடும்.

புரொப்பல்லரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஷாஃப்ட் ஆடக் கூடாது. கையால் சுற்றும்போது புரொப்பல்லரின் நடு ஷாஃப்ட் நேராகச் சுற்ற வேண்டும், வட்டம் போடக் கூடாது. கியரை முன்னும் பின்னும் போட்டுப் பாருங்கள். மோட்டாரைத் தூக்கி இறக்கும் பிராக்கெட், திருப்பும் கழுத்து, பலகையில் மாட்டும் இரண்டு கை ஸ்க்ரூ எல்லாம் அசைய வேண்டும். கழுத்து இறுகிப்போன மோட்டாரைத் திருப்புவதற்குள் தோள் போய்விடும், அதைச் சரிசெய்வதும் சுலபம் இல்லை.

இவ்வளவும் தேறினால்தான் ஸ்டார்ட். டிரம் தண்ணீரில், புரொப்பல்லருக்கு மேலுள்ள தட்டையான தகடு மூழ்கும் அளவுக்கு இறக்கி ஓட்ட வேண்டும். ஸ்டார்ட் ஆன கொஞ்ச நேரத்தில் பின்பக்கத் துளை வழியாகத் தண்ணீர் பீச்ச வேண்டும். பத்து நிமிடம் விடுங்கள். ஹெட் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுர்ரென்று ஆவியானால் குளிர்விப்பு சரியில்லை. தண்ணீரே இல்லாமல் "சும்மா இரண்டு செகண்டு ஓட்டிக் காட்டுறேன்" என்று ஒருவர் கயிற்றை இழுக்கப் போனால் அவர் கையைப் பிடித்துத் தடுங்கள். அந்த இரண்டு செகண்டில் இம்பெல்லர் தேயும்.

எண் அழிந்திருக்கிறது, பில் இல்லை. விலை பாதிதான். வாங்கலாமா?

கூடாது. வேறு ஊரில் இது திருட்டுப் பொருளா என்ற கேள்வியோடு முடிந்துவிடலாம். மும்பையில் அப்படி முடியாது. 2008 நவம்பர் 26 அன்று தாக்குதல் நடத்தியவர்கள் கஃப் பரேட் மச்சிமார் நகரில் கரையேறியது அவுட்போர்டு மோட்டார் பொருத்திய ரப்பர் படகில். அந்த மோட்டாரே பிறகு விசாரணையின் முக்கியமான தடயங்களில் ஒன்றானது. அதற்குப் பிறகு இந்தக் கரையில் கேள்வி கேட்பவர்கள் கண்டிப்பாகக் கேட்கிறார்கள், அது நியாயமும்கூட. எண் தெளிவாகத் தெரிய வேண்டும். விற்பவரின் கையெழுத்து, அடையாள அட்டை நகல், மோட்டார் எண் மூன்றும் உள்ள ரசீது ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும். கோலிவாடாவில் வாங்கினால் அங்குள்ள சங்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாங்குவது இன்னும் நல்லது.

இன்ஜின் இறுகிவிட்டது, கயிறு அசையவில்லை. பங்கார் விலைக்குக் கொடுக்கிறார்.

எப்படி இறுகியது என்பதைப் பொறுத்தது. நிறுத்தி வைத்ததால் ரிங் துருப்பிடித்து ஒட்டியிருந்தால் மீட்டுவிடலாம். பிளக் துளை வழியாக டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி நாலைந்து நாள் ஊற விடுங்கள். பிறகு ஃப்ளைவீல் நட்டில் ஸ்பேனர் போட்டு, இறுகும் திசையில் மட்டும் மெல்ல அசைத்துப் பாருங்கள். சுத்தியல் தொடவே கூடாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீரோ ஆயிலோ இல்லாமல் இறுகியிருந்தால் பிஸ்டன் உருகிச் சுவரில் ஒட்டியிருக்கும். அதை உதிரிபாகத்துக்காக மட்டும் வாங்கலாம், கியர் பாக்ஸ் நன்றாக இருந்தால்.

வாங்கி வந்தாயிற்று. முதல் வேலை என்ன?

தண்ணீர் பம்ப். விற்றவர் "போன மாதம்தான் மாற்றினேன்" என்று சொன்னாலும் திறந்து பாருங்கள். பழைய மோட்டாரைக் கொல்வது வயது அல்ல, சூடுதான்.

வேலை இதுதான். முதலில் பிளக் வயர்களைக் கழற்றிவிடுங்கள். கியர் கம்பியின் இணைப்பை விடுவித்து, கீழ்ப்பகுதியைப் பிடித்திருக்கும் போல்ட்களைக் கழற்றினால் கியர் பாக்ஸ், நீண்ட டிரைவ் ஷாஃப்டோடு கீழே இறங்கி வரும். ஷாஃப்டைச் சுற்றி ஒரு சின்ன டப்பா இருக்கும், அதன் நாலு போல்ட்டை எடுத்தால் உள்ளே இம்பெல்லர். நல்ல இம்பெல்லரின் இதழை விரலால் வளைத்து விட்டால் டக்கென்று நிமிரும். பழையது வளைந்தபடியே நிற்கும், வேரில் வெடிப்பு தெரியும். இதழ் ஒன்று உடைந்து காணாமல் போயிருந்தால் புதிது போட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள். அந்தத் துண்டு மேலே போகும் குழாயிலோ ஹெட் கால்வாயிலோ அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தேடி எடுத்தால்தான் தண்ணீர் ஓடும். டப்பாவின் உள் ஸ்டீல் கிண்ணத்திலும் அடித்தகட்டிலும் நகம் சிக்கும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும்.

ஷாஃப்டுக்கும் இம்பெல்லருக்கும் நடுவில் ஒரு குட்டிச் சாவி இருக்கும். அது மண்ணில் விழுந்தால் கிடைக்காது, கீழே வெள்ளைத் துணி விரித்து வேலை செய்யுங்கள். புதியதை மாட்டும்போது கொஞ்சம் கிரீஸ் தடவி, ஷாஃப்டை அது ஓடும் திசையிலேயே சுற்றியபடி டப்பாவை அழுத்தினால் இதழ்கள் தானாகச் சரியான பக்கம் மடங்கும். பெரும்பாலான மோட்டாரில் மேலிருந்து பார்த்தால் கடிகார முள் திசை. மேலே ஏற்றும்போது தண்ணீர்க் குழாய் அதன் ரப்பர் வாயில் நேராக நுழைகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஷாஃப்டின் பக்கவாட்டுப் பற்களில் கிரீஸ் தடவலாம், உச்சி முனையில் தடவக் கூடாது. அங்கே கிரீஸ் அடைபட்டு ஷாஃப்டைக் கீழே தள்ளும்.

அதே கையோடு கியர் ஆயிலையும் மாற்றுங்கள். வடிக்கும்போது கீழ் ஸ்க்ரூ, பிறகு மேல் ஸ்க்ரூ. நிரப்பும்போது கீழ்த் துளை வழியாக ஏற்றி, மேல் துளையில் குமிழி இல்லாமல் ஆயில் வந்ததும் முதலில் மேல் ஸ்க்ரூவை மூடிவிட்டுப் பிறகு கீழே மூட வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளேயே தங்கிவிடும். புரொப்பல்லரைக் கழற்றி ஷாஃப்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். சீலை அறுத்துத் தண்ணீரை உள்ளே விடுவது பெரும்பாலும் அந்த நரம்புதான்.

ஓட்டிப் பார்க்க டிரம் எங்கே கிடைக்கும்?

தாராவி பதிமூன்றாம் காம்பவுண்டு. 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மின் மேல் பக்கத்தை அறுத்துத் தருவார்கள். முன்பு எந்த ரசாயனம் இருந்தது என்று கேட்டு, நன்றாகக் கழுவிவிட்டுப் பயன்படுத்துங்கள். சால் (நெருக்கமான வரிசை) வீட்டின் முன் ஓட்டாதீர்கள். புகை மூடிய சந்துக்குள் தங்கினால் குழந்தைகளுக்கு ஆபத்து.

எவ்வளவு இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகவில்லையே?

கையை ஓய்வாக வைத்துவிட்டு வரிசையாகப் பாருங்கள். சிவப்புக் கயிற்று கிளிப் ஸ்டாப் சுவிட்சில் மாட்டியிருக்கிறதா? அது இல்லாவிட்டால் பல மோட்டாரில் பொறியே வராது. பிளக்கைக் கழற்றி, அதன் உலோக உடல் இன்ஜின் பிளாக்கில் படும்படி வைத்து நிழலில் இழுத்துப் பாருங்கள், பக்கத்தில் பெட்ரோல் இல்லாமல். நீலப் பொறி டக்கென்று பாய்ந்தால் மின்சாரப் பக்கம் சரி. பொறி இல்லையென்றால் ஸ்டாப் சுவிட்ச் வயரைத் தனியாகக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போது வந்தால் சுவிட்ச்தான் கெட்டிருக்கிறது. காயில், சிடிஐ யூனிட் (பொறியை உண்டாக்கும் மின்பெட்டி) என்று செலவு செய்வது அதற்குப் பிறகுதான்.

பொறி இருந்து பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. டேங்கின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா, குழாயில் இருக்கும் பம்ப் பல்பின் அம்புக்குறி இன்ஜினைப் பார்க்கிறதா என்று பாருங்கள். பல்ப் பிழியப் பிழிய இறுக வேண்டும். இறுகவே இல்லையென்றால் பல்பின் வால்வோ, கனெக்டரின் ஓ-ரிங்கோ காற்று இழுக்கிறது. பிளக் நனைந்திருந்தால் சோக் போடாமல் அதை உள்ளே தள்ளிவிட்டு, த்ராட்டிலைத் திறந்து, பிளக்கைத் துடைத்து மாட்டி இழுங்கள்.

ஃப்ளைவீலைக் கழற்ற வேண்டி வந்தால் அதற்குரிய புல்லரை வாடகைக்காவது எடுங்கள். ஓரத்தில் சுத்தியலால் தட்டினால் காந்தம் உடையும், கிராங்க் வளையும்.

கார்பரேட்டர் மறுபடி மறுபடி அடைக்கிறது.

இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மும்பை மழைக்காலத்தில் டேங்க் பாதி காலியாக ஒரு மாதம் நின்றால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கிவிடும். பழைய ரப்பர்க் குழாயின் உட்பக்கத்தையும் எத்தனால் கரைக்கும். கருப்புத் துகள் கார்பரேட்டர் கிண்ணத்தில் இருந்தால் குற்றவாளி குழாய்தான். முதலில் குழாயை மாற்றுங்கள், பிறகு ஜெட்டை (பெட்ரோல் வரும் நுண்துளைத் திருகை) கழற்றி மெல்லிய செப்புக் கம்பியாலும் காற்றாலும் சுத்தம் செய்யுங்கள். ஊசி, துரப்பணம் எதுவும் ஜெட்டுக்குள் போகக் கூடாது, துளை பெரிதாகிவிடும். வேலை முடிந்து கரைக்கு வந்ததும் பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, கிண்ணத்தில் இருப்பது தீர்ந்து மோட்டார் தானாக நிற்கும்வரை விடுங்கள். இந்த ஒரு பழக்கம் பாதித் தொல்லையைத் தீர்க்கும்.

ஆயில் எவ்வளவு கலப்பது? பைக்குக்குப் போடும் 2டி ஆயில் போதாதா?

போதாது. தண்ணீரால் குளிரும் மோட்டாருக்கென்று டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று போட்ட ஆயில் தனியாக வருகிறது, அதைத்தான் ஊற்ற வேண்டும். அளவு மாடலைப் பொறுத்தது. 50:1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. சில யமஹாக்களில் 100:1 என்று எழுதியிருக்கும், அதாவது 10 மில்லி. பழைய மோட்டாருக்கு எது என்று தெரியாதபோது கூடுதல் ஆயில் பக்கமே நில்லுங்கள். புகை கொஞ்சம் கூடும், பிளக் சீக்கிரம் கருக்கும், ஆனால் பிஸ்டன் பிழைக்கும். கலவையைக் கேனில் நன்றாகக் குலுக்கிவிட்டு ஊற்றுங்கள்.

மண்ணெண்ணெய் மோட்டார் மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

ஊரில் மானிய மண்ணெண்ணெய் கிடைக்கும் வழி இருந்தால் எடுக்கலாம். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பு மறுபடி பெட்ரோலுக்கு வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த நாள் காலையில் ஸ்டார்ட் ஆகாது. இவற்றின் கம்ப்ரஷன் இயல்பாகவே குறைவு, கேஜ் பார்த்துப் பயப்பட வேண்டாம். கரி அதிகம் படியும், ஹெட்டை அவ்வப்போது கழற்றிச் சுரண்ட வேண்டும்.

போல்ட் எல்லாம் உப்பில் இறுகிக் கிடக்கிறது. திருகினால் உடைகிறது.

பலம் உதவாது. அலுமினியத்துக்குள் ஸ்டீல் போல்ட், நடுவில் உப்புத் தண்ணீர் என்று சேர்ந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஊடுருவும் ஆயில் அடித்து ஒரு இரவு விடுங்கள். தலையில் நேராகச் சில தட்டுத் தட்டுங்கள். பிறகு போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கிவிட்டு, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, பிறகு தளர்த்தும் பக்கம் ஒரு மயிரிழை என்று முன்னும் பின்னும் அசைத்துக் கொண்டுவர வேண்டும். பெட்ரோல் குழாய், டேங்க் எல்லாம் தூரப் போன பிறகே நெருப்பு. திரும்ப மாட்டும்போது ஒவ்வொரு மரையிலும் மரைன் கிரீஸ் வையுங்கள், அடுத்த முறை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார். கீழே இருக்கும் துத்தநாகக் கட்டி பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றுங்கள். உப்புத் தண்ணீர் அலுமினியத்தைத் தின்னாமல் தன்னைக் கொடுப்பது அதுதான். அதன் மேல் பெயிண்ட் அடிக்கவே கூடாது.

மோட்டார் கடலில் விழுந்துவிட்டது அல்லது மழை வெள்ளத்தில் மூழ்கிவிட்டது. அவ்வளவுதானா?

இல்லை, ஆனால் சில மணி நேரத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும். தண்ணீருக்கு வெளியே வந்து காற்றுப் பட்டதும்தான் துரு வேகமாகப் பிடிக்கும். உடனே நல்ல தண்ணீரில் கழுவி, பிளக்கைக் கழற்றி, துளை கீழே பார்க்கச் சாய்த்து, ஃப்ளைவீலைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். கயிறு சிக்கினால் பலம் போட வேண்டாம், உள்ளே மணல் இருக்கலாம். கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, சிலிண்டருக்குள் ஆயில் ஊற்றிச் சுற்றி, அன்றே ஸ்டார்ட் செய்து அரைமணியாவது ஓட்டிவிட வேண்டும். அன்று வேலை செய்ய வழியே இல்லையென்றால், மோட்டாரை நல்ல தண்ணீர் நிறைந்த டிரம்மில் மூழ்க வைத்துவிடுங்கள். கேட்க விசித்திரமாக இருந்தாலும் காற்றில் வைப்பதைவிட அது நல்லது.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் மழைக்கு முன்பே மோட்டாரை உயரமான ஸ்டாண்டில் ஏற்றி வையுங்கள்.

சின்ன ரப்பர் படகில் மாட்டி மார்வே, அக்சா பக்கம் ஞாயிற்றுக்கிழமை ஓட்டலாமா?

அனுமதி இல்லாமல் கூடாது. மீன்பிடிப் படகு என்றால் மீன்வளத்துறைப் பதிவு, மற்ற படகுக்கு மகாராஷ்டிரா கடல்சார் வாரியத்தின் விதி. முன்கூட்டியே போய்க் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் இறங்கவே வேண்டாம்.

ஊருக்கு எப்படி அனுப்புவது?

பெட்ரோல் ஒரு சொட்டுக்கூட இருக்கக் கூடாது. டேங்க், குழாய், கார்பரேட்டர் கிண்ணம் மூன்றையும் வடித்துவிடுங்கள். ரயில் பார்சலுக்கும் லாரிக்கும் இது பொருந்தும். மோட்டாரை நேராக நிறுத்தி உள்ளே இருக்கும் குளிர்விப்புத் தண்ணீர் முழுவதும் வடியும்வரை விட்ட பிறகுதான் படுக்க வைக்க வேண்டும். படுக்க வைக்கும்போதும் தலைப்பக்கம் கியர் பாக்ஸைவிட உயரமாக இருக்கட்டும். தாழ்ந்தால் மிச்சத் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். புரொப்பல்லரைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள், ஹேண்டிலை மடக்கிக் கட்டுங்கள், பலகைப் பெட்டிக்குள் கீழே பழைய டயர்த் துண்டு போடுங்கள். ரசீது நகல் ஒன்றைப் பெட்டியிலும் ஒன்றைத் தம்பியின் போனிலும் அனுப்பிவிடுங்கள்.

பெட்டிக்குள் ஒரு துணிப்பையில் இரண்டு பிளக், பிளக் ஸ்பேனர், உபரி ஸ்டார்ட்டர் கயிறு, புரொப்பல்லர் பின், இம்பெல்லர் ஒன்று வையுங்கள். முதல் சில நாள் இன்னொரு படகு கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே ஓட்டச் சொல்லுங்கள், துடுப்பைக் கரையில் விட்டுவிட்டுப் போக வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.